செட்டில்மென்ட் வருமுன் கையெழுத்துப் போடலாமா?

வாசகர் கடிதம்:

"மேடம், வணக்கம். ஷார்ஜாவில் ஒரு ஏ.சி. மெயின்டனன்ஸ் கம்பெனியில் ஏழரை வருடமாக டெக்னீஷியனாக இருக்கிறேன். பேசிக் 2,400 திர்ஹாம், அலவன்ஸ் சேர்த்து 4,000. மூன்று மாதமாகச் சம்பளம் இல்லை. கம்பெனியை மூடப் போகிறார்களாம். போன வாரம் பி.ஆர்.ஓ. (விசா, லேபர் வேலைகளைப் பார்க்கும் கம்பெனி ஆள்) இரண்டு பேப்பரைக் கொண்டுவந்து கையெழுத்துக் கேட்டார். ஒன்று ராஜினாமா லெட்டர். இன்னொன்று விசா கேன்சலுக்கு. எல்லாப் பாக்கியும் வாங்கிவிட்டேன் என்று அதில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டால்தான் பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் தருவார்களாம், பணத்தை இரண்டு மாதத்தில் ஊர் அக்கவுன்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, சீக்கிரம் போனால் நல்லது. லீவு 45 நாள் பாக்கி இருக்கிறது. கிரெடிட் கார்டில் 18,000 திர்ஹாம் கடன். ஊருக்குப் போய்விட்டால் பேங்க் ஒன்றும் செய்ய முடியாது என்று ரூமில் சொல்கிறார்கள். உண்மையா? வருகிற பணத்தில் பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊரிலேயே ஒரு ஏக்கர் வயல் பேசி வைத்திருக்கிறோம். தம்பிக்கு பவர் அனுப்பி உடனே கிரயம் செய்துவிடலாமா?"

பதில்:

அன்புள்ள நண்பருக்கு, வணக்கம்.

இரண்டு பேப்பரிலும் கையெழுத்துப் போடாதீர்கள். மற்ற எல்லாவற்றையும் இதற்கு அப்புறம் பேசலாம். வளைகுடாத் தொழிலாளர் வழக்குகளைப் பார்க்கும் வழக்கறிஞராக என்னிடம் வருபவர்களில் நிறையப் பேர், "போட்டுட்டு வந்துட்டேன் மேடம், இப்ப என்ன பண்றது?" என்று கேட்பவர்கள். நீங்கள் போடுவதற்கு முன்பே கேட்டிருக்கிறீர்கள். அது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று சொல்கிறேன்.

முதலில் உங்களுக்கு வரவேண்டியது எவ்வளவு என்று பார்ப்போம். இந்தக் கணக்குத் தெரியாததால்தான் பலர் "ஏதோ கொடுத்தால் சரி" என்று இறங்கிப் போகிறார்கள்.

ஐக்கிய அரபு அமீரகத்தில் இப்போது நடப்பில் இருப்பது 2021ஆம் ஆண்டின் 33ஆம் எண் தொழிலாளர் சட்டம். 2022 பிப்ரவரி 2 முதல் அமலில் இருக்கிறது. அதன்படி கிராஜுவிட்டி, அதாவது வேலை முடியும்போது தரும் பணிக்கொடை, முதல் ஐந்து வருடத்துக்கு வருடம் ஒன்றுக்கு 21 நாள் பேசிக். அதற்கு மேல் ஒவ்வொரு வருடத்துக்கும் 30 நாள் பேசிக். உங்கள் பேசிக் 2,400 என்றால் ஒரு நாளைக்கு 80 திர்ஹாம். 21 நாளுக்கு 1,680, ஐந்து வருடத்துக்கு 8,400. மீதி இரண்டரை வருடத்துக்கு மாதம் 2,400 வீதம் 6,000. ஆக கிராஜுவிட்டி மட்டும் 14,400 திர்ஹாம். சம்பளமில்லாத விடுப்பு எடுத்திருந்தால் அந்த நாட்களை மட்டும் சர்வீஸில் கழிப்பார்கள்.

மூன்று மாதச் சம்பள பாக்கி 12,000. எடுக்காத லீவு 45 நாளுக்கு பேசிக் கணக்கில் 3,600. கம்பெனி உங்களை நிறுத்துவதாக இருந்தால் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். ஒப்பந்தத்தைப் பொறுத்து அது 30 நாளிலிருந்து 90 நாள் வரை. நோட்டீஸ் தராமல் அனுப்பினால் அந்த நாட்களுக்கு முழுச் சம்பளம் தர வேண்டும். குறைந்தபட்சமாக ஒரு மாதம் என்றே வைத்துக்கொள்வோம், 4,000. எல்லாம் கூட்டினால் 34,000 திர்ஹாம். இது போக ஊருக்கு டிக்கெட்டும் கம்பெனி பொறுப்புதான். உங்கள் தவறால் வேலை போனாலோ, நீங்கள் அங்கேயே வேறு கம்பெனியில் சேர்ந்தாலோ மட்டும் கிடையாது. வேலை முடிந்த நாளிலிருந்து 14 நாளுக்குள் இத்தனையும் கொடுத்துத் தீர்க்க வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. "ரெண்டு மாசத்துல அனுப்புறோம்" என்பதற்கு அதில் இடமே இல்லை.

இப்போது அந்த இரண்டு பேப்பருக்கு வருவோம்.

கம்பெனி மூடுகிறது, உங்களை அனுப்புகிறது. அப்படியிருக்க ராஜினாமா எதற்கு? நீங்களாகவே விலகினதாக எழுதிக் கொடுத்தால் நோட்டீஸ் காலச் சம்பளத்தைக் கேட்க முடியாமல் போகும். இன்னொன்றும் போகும். 2023 ஜனவரி முதல் அமீரகத்தில் வேலையிழப்புக் காப்பீடு கட்டாயம். பேசிக் 16,000 வரை உள்ளவர்களுக்கு மாதம் 5 திர்ஹாம் பிரீமியம். டைப்பிங் சென்டரிலோ ஆப் வழியாகவோ நீங்களும் கட்டியிருப்பீர்கள், அல்லது கட்டாததற்கு அபராதம் வந்திருக்கும். தொடர்ந்து 12 மாதம் கட்டியிருந்து, வேலையை கம்பெனி முடித்திருந்தால், பேசிக்கில் 60 சதவீதம் அதிகபட்சம் மூன்று மாதத்துக்குக் கிடைக்கும். உங்களுக்கு மாதம் 1,440, மூன்று மாதத்துக்கு 4,320 திர்ஹாம். ராஜினாமா செய்தவருக்கு ஒரு திர்ஹாம் கூடக் கிடையாது. வேலை முடிந்த 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். வேறு வேலையில் சேர்ந்துவிட்டாலோ நாட்டை விட்டுக் கிளம்பிவிட்டாலோ அந்தத் தொகை நின்றுவிடும். இதையும் மனதில் வைத்துக்கொண்டு பயணத் தேதியை முடிவு செய்யுங்கள்.

ராஜினாமா செய்தால் கிராஜுவிட்டி பாதிதான் என்று கேம்ப்பில் யாராவது சொல்லியிருப்பார்கள். பழைய சட்டத்தில் அப்படிக் குறைக்கிற முறை இருந்தது. புதிய சட்டத்தில் அது இல்லை. ஒரு வருடம் முடித்தவருக்கு, தானாக விலகினாலும் கம்பெனி நிறுத்தினாலும், கிராஜுவிட்டி ஒரே கணக்குதான்.

இரண்டாவது பேப்பர்தான் உண்மையில் ஆபத்தானது. எல்லாப் பாக்கியும் வாங்கிக்கொண்டேன் என்று நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், நாளைக்கு லேபர் ஆபீஸிலும் (தொழிலாளர் விவகாரங்களைப் பார்க்கும் அமைச்சகம்) கோர்ட்டிலும் கம்பெனி நீட்டப்போவது அந்த ஒரு தாளைத்தான். பணம் வங்கிக்கு வரவே இல்லை என்று காட்டி அதை உடைக்க முடியாதா? முடியும், சில வழக்குகளில் உடைத்தும் இருக்கிறார்கள். ஆனால் "ரொக்கமாகக் கொடுத்தோம்" என்று அவர்கள் சொல்வார்கள். நீங்கள் பட்டுக்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு அதை மறுக்க வேண்டியிருக்கும். ஜெயிக்க வேண்டிய வழக்கை இப்படித் தானாகவே கஷ்டமாக்கிக் கொள்ளாதீர்கள்.

பின்தேதி போட்ட செக் தருகிறோம், கேன்சலுக்குக் கையெழுத்துப் போடு என்றும் சொல்லிப் பார்ப்பார்கள். மூடப்போகிற கம்பெனியின் செக்கை நம்பி அதைச் செய்யாதீர்கள். பணம் உங்கள் கணக்கில் விழுந்தபின் கேன்சல் பேப்பரில் கையெழுத்து, அதுதான் வரிசை. தவணையில் தருகிறேன் என்று முதலாளி உண்மையாகவே இறங்கி வந்தால், அதை லேபர் ஆபீஸில் வைத்து ஒப்பந்தமாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். ஆபீஸ் அறைக்குள் எழுதிக் கொடுக்கும் தாளுக்கும், அமைச்சகத்தின் முன் பதிவான சமரசத்துக்கும் பலத்தில் நிறைய வித்தியாசம்.

சரி, அவர்கள் எதற்கும் மசியவில்லை என்றால் என்ன செய்வது? நான் லேபர் ஆபீஸ் என்று சொல்வது மனிதவளம் மற்றும் எமிராட்டிமயமாக்கல் அமைச்சகத்தை. அங்கே புகார் கொடுங்கள். 80084 என்ற எண்ணில் பேசலாம், அவர்களுடைய மொபைல் ஆப்பிலும் பதியலாம். கட்டணம் இல்லை. நீங்கள் வேலை பார்ப்பது ஃப்ரீ ஸோன் (தனி நிர்வாகம் உள்ள சிறப்புத் தொழில் மண்டலம்) கம்பெனியாக இருந்தால் மட்டும் முதலில் அந்த ஃப்ரீ ஸோன் நிர்வாகத்திடம் போக வேண்டும். உங்கள் லேபர் கான்ட்ராக்டில் யார் முத்திரை இருக்கிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

புகாரில் சம்பளம், கிராஜுவிட்டி, லீவு, நோட்டீஸ், டிக்கெட், பாஸ்போர்ட் எல்லாவற்றையும் தனித்தனியாகத் தொகையுடன் எழுதுங்கள். "சம்பளம் தரவில்லை" என்று ஒரே வரியில் எழுதிவிட்டு, மீதியை அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். அமைச்சகம் இரண்டு தரப்பையும் கூப்பிட்டுப் பேசும். 14 நாளுக்குள் சமரசம் ஆகவில்லை என்றால் முன்பெல்லாம் கோர்ட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். 2024 தொடக்கத்திலிருந்து இதில் ஒரு நல்ல மாற்றம் வந்திருக்கிறது. கோரும் தொகை 50,000 திர்ஹாமுக்குள் இருந்தால் அமைச்சகமே தீர்ப்புச் சொல்லலாம், அந்த முடிவை நேராக நிறைவேற்றவும் முடியும். ஒத்துக்கொள்ளாத தரப்பு 15 வேலை நாளுக்குள் கோர்ட்டுக்குப் போகலாம். உங்கள் 34,000 இந்த வரம்புக்குள் வருகிறது. கோர்ட்டுக்கே போனாலும் ஒரு லட்சம் திர்ஹாம் வரையிலான தொழிலாளர் வழக்குகளுக்கு கோர்ட் கட்டணம் கிடையாது. "கேஸ் போட்டால் உள்ளதும் செலவாகிவிடும்" என்ற பயம் உங்களுக்குத் தேவையில்லை.

கம்பெனியிடம் பணமே இல்லை என்றால் தீர்ப்பு வாங்கி என்ன செய்வது என்று நினைப்பீர்கள். நியாயமான கேள்வி. அமீரகத்தில் கம்பெனிகள் ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு வங்கி உத்தரவாதம் கட்டியிருக்க வேண்டும், அல்லது காப்பீடு எடுத்திருக்க வேண்டும். காப்பீடு என்றால் ஒரு தொழிலாளிக்கு 20,000 திர்ஹாம் வரை சம்பள பாக்கி, கிராஜுவிட்டி, பயணச் செலவு இவற்றுக்கு அதிலிருந்து கொடுக்க முடியும். கம்பெனி கை விரித்தால் அந்தக் காப்பீட்டிலிருந்து தரச் சொல்லி அமைச்சகத்தில் கேளுங்கள். இப்படி ஒன்று இருப்பதே பல தொழிலாளிகளுக்குத் தெரியாது. முதலாளி சொல்லப்போவதில்லை, அதனால் நீங்கள்தான் கேட்க வேண்டும்.

வேலை முடிந்து இரண்டு வருடம் வரை வழக்குப் போடலாம் என்று 2024இல் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். அதற்கு முன் ஒரு வருடம்தான். இதைக் கேட்டுவிட்டு, "அப்படியானால் ஊருக்குப் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு நிதானமாகப் போடலாமே" என்று தோன்றும். உங்கள் மனசு எங்கே இருக்கிறது என்று எனக்குப் புரிகிறது. ஆனாலும் புகாரைப் பதிந்துவிட்டுக் கிளம்புங்கள். அங்கே இருக்கும்போது ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலை, ஊரிலிருந்து செய்தால் மாதக் கணக்கில் இழுக்கும். அம்மாவின் நிலைமை அவசரம் என்றால், நம்பிக்கையான நண்பர் ஒருவருக்கு அந்த வழக்கை மட்டும் நடத்த அங்குள்ள நோட்டரியிடம் பவர் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

புகார் நடக்கிற காலத்தில் கவனமாக இருக்க வேண்டியவை சில உண்டு. இவற்றில் தவறினால் கம்பெனி மேல் இருக்கும் குற்றம் உங்கள் மேல் திரும்பிவிடும்.

வேலைக்குப் போவதை நீங்களாக நிறுத்தாதீர்கள். தொடர்ந்து ஏழு நாளுக்கு மேல் வரவில்லை என்றால் கம்பெனி அப்ஸ்காண்டிங் ரிப்போர்ட், அதாவது ஆள் ஓடிப்போய்விட்டார் என்ற புகார், கொடுக்கலாம். அது பதிவானால் ஒரு வருடம் அங்கே வேறு வேலைக்கு பெர்மிட் கிடைக்காமல் போகலாம். சைட்டே மூடியிருந்தால்கூட காலையில் ஆபீஸ் வாசலுக்குப் போய் ஒரு போட்டோ எடுங்கள், மேனேஜருக்கு "வந்திருக்கிறேன், வேலை என்ன?" என்று வாட்ஸ்ஆப்பில் எழுதுங்கள். சம்பளம் வராததால் நீங்களே விலக விரும்பினால் அதற்கும் முறையான வழி இருக்கிறது: 14 வேலை நாளுக்கு முன் அமைச்சகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், அதற்குள்ளும் கம்பெனி சரிசெய்யவில்லை என்றால் நோட்டீஸ் இல்லாமலே விலகலாம். உரிமை எதுவும் போகாது.

கேம்ப்பில் எல்லோரும் சேர்ந்து வேலைக்குப் போகாமல் உட்காரலாம் என்று பேச்சு வந்தால் அதில் சேராதீர்கள். அங்கே வேலைநிறுத்தத்துக்கு இடமில்லை. அதற்குப் பதிலாக எல்லோரும் தனித்தனியாகப் புகார் பதியட்டும். ஒரே கம்பெனி மேல் இருபது புகார் வந்து விழுந்தால் யாரும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. அப்புறம், முதலாளி படத்தைப் போட்டு ஃபேஸ்புக்கிலோ டிக்டாக்கிலோ வீடியோ வெளியிடுவது, அவர் பேசுவதை அவருக்குத் தெரியாமல் ரெக்கார்டு செய்வது, இரண்டும் கூடவே கூடாது. நம் ஊரில் சாதாரணமாகத் தோன்றும் இவை அமீரக சைபர் சட்டத்தில் குற்றங்கள். சம்பளம் வராத மனிதர் ஒரு வீடியோவால் குற்றவாளிக் கூண்டில் நிற்பதைப் பார்க்கவே மனசு பொறுக்காது. நீங்கள் வாட்ஸ்ஆப்பில் கேட்டு அவர்கள் எழுத்தில் தருகிற பதிலே போதுமான சான்று. அதை இன்றைக்கே வேறு இடத்தில் சேமித்து வையுங்கள்.

சான்று என்றதும் இன்னொன்று. சம்பளம் வந்துகொண்டிருந்த கணக்கின் வங்கி ஸ்டேட்மென்ட்டை வாங்கி வையுங்கள். சம்பளப் பாதுகாப்பு முறை வழியாகச் சம்பளம் போட வேண்டும் என்பதால், எந்த மாதம் வந்தது, எந்த மாதம் நின்றது என்பது அதிலேயே தெரியும். லேபர் கான்ட்ராக்டை அமைச்சக ஆப்பிலிருந்து டவுன்லோடு செய்து, பேசிக் எவ்வளவு என்று போட்டிருக்கிறது என்று உங்கள் கண்ணால் பாருங்கள். ஆபீஸில் வாயால் சொல்கிற பேசிக் வேறு, கான்ட்ராக்டில் பதிவான பேசிக் வேறு என்பது அடிக்கடி நடக்கிறது. எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட்டும் கேட்டு வாங்குங்கள். கேட்டால் இலவசமாகத் தர வேண்டியது முதலாளியின் கடமை.

பாஸ்போர்ட்டைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. தொழிலாளியின் பாஸ்போர்ட்டை வைத்துக்கொள்ள எந்தக் கம்பெனிக்கும் அமீரகச் சட்டத்தில் உரிமை இல்லை. நம் நாட்டுச் சட்டப்படி அது இந்திய அரசின் சொத்து, உங்களிடம் இருக்க வேண்டியது. திருப்பித் தரும்படி எழுத்தில் கேளுங்கள், தராவிட்டால் புகாரில் சேருங்கள். துபாயில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்துக்கும் தெரிவியுங்கள், ஷார்ஜா அவர்களுடைய எல்லைக்குள்தான் வருகிறது. இந்தியத் தொழிலாளிகளுக்கு உதவ அங்கே 800 46342 என்ற இலவச எண் இருக்கிறது, எந்த நேரமும் பேசலாம். சட்ட ஆலோசனையும் கிடைக்கும். கையில் காசே இல்லாமல் நிற்கிற நிலை வந்தால், இந்தியச் சமூக நல நிதியிலிருந்து டிக்கெட்டுக்குக்கூட உதவி கேட்கலாம். தூதரகம் என்றால் பெரிய மனிதர்களுக்கு என்று ஒதுங்கி நிற்காதீர்கள். அந்த நிதி உங்களைப் போன்றவர்களுக்காகவே வைத்திருப்பது.

விசா கேன்சல் ஆனபின் எத்தனை நாள் தங்கலாம் என்பது விசா வகையைப் பொறுத்து மாறும். குறைந்தது 30 நாள் இருக்கும். கேன்சல் தாளில் கடைசித் தேதி போட்டிருப்பார்கள். அதைத் தாண்டினால் நாளுக்கு 50 திர்ஹாம் அபராதம் ஏறிக்கொண்டே போகும். அந்த நாட்களுக்குள் வேறு கம்பெனி கிடைத்தால் மாறிக்கொள்ளலாம். ஏ.சி. டெக்னீஷியனுக்கு அங்கே வேலைக்குப் பஞ்சமில்லை என்பது உங்களுக்கே தெரியும்.

அடுத்து கிரெடிட் கார்டு. ரூமில் சொல்வதைக் கேட்காதீர்கள். ஊருக்குப் போய்விட்டால் கடன் விட்டுவிடும் என்பது ஒரு காலத்தில் ஓரளவு நடந்திருக்கலாம். 2020 ஜனவரியில் இந்திய அரசு வெளியிட்ட அறிவிப்புக்குப் பிறகு, அமீரக நீதிமன்றங்கள் சிவில் வழக்கில் கொடுக்கும் பணத் தீர்ப்பை நம் ஊர் மாவட்ட நீதிமன்றத்திலேயே தாக்கல் செய்து நிறைவேற்றக் கேட்கலாம். அதாவது துபாய் வங்கி வாங்கிய தீர்ப்பை வைத்துத் தஞ்சாவூரில் உங்கள் சொத்தின் மேல் வர முடியும். நீங்கள் வாங்க நினைக்கிற வயல் உட்பட.

அங்கேயும் சிக்கல் இருக்கிறது. 10,000 திர்ஹாமுக்கு மேல் கடன் இருந்தால், வங்கி கோர்ட்டில் கேட்டுப் பயணத் தடை வாங்க வாய்ப்பு உண்டு. விமான நிலையத்தில் இமிகிரேஷன் கவுண்டரில்தான் அது தெரியவரும் என்பது எவ்வளவு கொடுமை என்று யோசித்துப் பாருங்கள். கார்டு வாங்கும்போது தொகை எழுதாமல் ஒரு செக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பீர்கள். கணக்கில் பணமில்லாமல் செக் திரும்பினால் உடனே போலீஸ் என்ற நிலைமை 2022 ஜனவரி முதல் மாறிவிட்டது, மோசடி நோக்கம் இருந்தால்தான் குற்றம். ஆனால் திரும்பிய செக்கை வைத்து வங்கி வழக்குப் போடாமலே நேராக நிறைவேற்று மன்றத்துக்குப் போகலாம். கடன்காரருக்கு ஜெயில் பயம் குறைந்தது, பணத்தை வசூல் செய்யும் வழியோ சுலபமானது.

ஆகவே வங்கிக்கு நீங்களே முதலில் போங்கள். வேலை போகிறது, செட்டில்மென்ட் வரும் என்று சொல்லி, தவணையைக் குறைக்கவோ ஒரே தொகையாகக் கட்டினால் வட்டியைத் தள்ளவோ எழுத்தில் கேளுங்கள். வேலை போனவர் தானாக வந்து பேசினால் ஒரு தொகைக்கு இறங்கி வருகிற வங்கிகள் உண்டு. எவ்வளவு என்று பேசி முடித்தாலும் பணம் கட்டியபின் கடன் தீர்ந்தது என்று கடிதமும், நீங்கள் கொடுத்த செக்கும் கைக்கு வர வேண்டும். ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்: சம்பளக் கணக்கும் கார்டும் ஒரே வங்கியில் இருந்தால், செட்டில்மென்ட் தொகை விழுந்ததும் வங்கி கடனுக்காக அதை நிறுத்தி வைக்கக்கூடும். 34,000 முழுவதும் கைக்கு வரும் என்று நம்பி ஊரில் யாருக்கும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். கடன் கழிந்தால் மீதி பதினாறாயிரம்தான்.

இதைச் சொல்லும்போதே வயல் விஷயம் வந்துவிடுகிறது. தம்பிக்கு பவர் அனுப்பாதீர்கள். இது பணத்தைப் பற்றிய ஆலோசனை இல்லை, சட்டம். வெளிநாட்டில் வேலை செய்து அங்கேயே வசிக்கிற இந்தியர், அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி, இந்தியாவில் விவசாய நிலத்தை விலைக்கு வாங்க முடியாது. தோட்டமும் பண்ணை வீடும் அப்படித்தான். வீடு, வீட்டு மனை, கடை வாங்கலாம். அப்பா வழியில் வாரிசாக வருகிற வயல் வரலாம், அதை வைத்துக்கொள்ளலாம். காசு கொடுத்து வாங்குவதற்குத்தான் தடை. மீறினால் அபராதம் சம்பந்தப்பட்ட தொகையின் மூன்று மடங்கு வரை போகலாம். பதிவு அலுவலகத்தில் இதை யாரும் கேட்பதில்லை, பத்திரம் பதிவாகிவிடும் என்பதால்தான் வளைகுடாவில் இருப்பவர்கள் ஊரில் நஞ்சை வாங்கிக்கொண்டே இருக்கிறார்கள். பத்திரம் பதிவானதாலேயே அந்த வாங்கல் செல்லுபடியாகிவிடாது. பிறகு விற்கும்போதோ வங்கிக் கடன் வாங்கும்போதோ பிரச்சினை தலைதூக்கும்.

சரி, தம்பி பெயரிலேயே வாங்கிவிடலாம் என்று அடுத்து யாராவது சொல்வார்கள். உங்கள் பணத்தில் தம்பி பெயரில் மட்டும் வாங்கினால் சட்டப்படி நிலம் அவருடையது. "உண்மையில் எனக்காகத்தான் வாங்கியது" என்று பின்னால் சொன்னால் பினாமிச் சட்டம் குறுக்கே வரும். மனைவி, பிள்ளைகள் பெயரில் வாங்குவதற்கு அந்தச் சட்டத்தில் இருக்கிற விலக்கு, தனியாகத் தம்பி பெயரில் வாங்குவதற்கு இல்லை. அண்ணன் தம்பி உறவு இன்றைக்கு நன்றாக இருக்கட்டும், என்றைக்கும் நன்றாக இருக்கட்டும். அதற்காகவாவது இப்படி வாங்காதீர்கள்.

நீங்கள் வேலையை முடித்துக்கொண்டு நிரந்தரமாக ஊருக்கே வந்துவிட்டால் இந்தத் தடை நீங்கிவிடும். வந்து சேர்ந்து, உங்கள் பழைய வங்கிக் கணக்குகளைச் சரி செய்துவிட்டு, உங்கள் பெயரிலேயே கிரயம் செய்யுங்கள். விற்கிறவரிடம் நாலைந்து மாதம் பொறுக்கச் சொல்லுங்கள். பொறுக்காவிட்டால் வேறு வயல் வரும். வேறு கம்பெனி கிடைத்து அமீரகத்திலேயே தொடர்வதாக இருந்தால் வயலை மறந்துவிட்டு மனையாகப் பாருங்கள். அதற்கு பவர் கொடுக்கலாம்: துபாய் துணைத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்பி, இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். அந்த மூன்று மாதத்தைத் தவறவிட்டு, பவர் இருந்தும் பயன்படுத்த முடியாமல் நிற்பவர்கள் உண்டு.

வங்கிக் கணக்கு என்றேன் அல்லவா? ஊரில் நீங்கள் படித்த காலத்தில் திறந்த சாதாரண சேமிப்புக் கணக்குக்கே இன்னும் பணம் அனுப்பிக்கொண்டிருந்தால், அது வெளிநாடு போனபோதே என்.ஆர்.ஓ. (வெளிநாட்டில் வசிப்பவரின் இந்திய வருமானத்துக்கான) கணக்காக மாற்றியிருக்க வேண்டியது. என்.ஆர்.இ. (வெளிநாட்டுச் சம்பாத்தியத்தைப் போடும்) கணக்கு வைத்திருந்தால் நிரந்தரமாகத் திரும்பியதும் வங்கிக்குச் சொல்லி உள்ளூர்க் கணக்காக மாற்றுங்கள். அதன் வட்டிக்கு வரி இல்லை என்பது நீங்கள் வெளிநாட்டில் வசிக்கும் வரைதான். திரும்பி வருகிற நிதியாண்டில் இந்தியாவில் 182 நாளுக்குக் குறைவாக இருந்து, அதற்கு முந்தைய நான்கு நிதியாண்டுகளில் ஊரில் இருந்த நாட்கள் எல்லாம் சேர்த்து 365க்குக் குறைவாக இருந்தால், அந்த ஆண்டிலும் நீங்கள் வருமான வரிக்கு வெளிநாட்டு வாசிதான். ஷார்ஜாவில் வேலை பார்த்துச் சம்பாதித்த சம்பளத்துக்கும் அங்கே உங்கள் கணக்கில் விழும் கிராஜுவிட்டிக்கும் இங்கே வரி வராது. லீவுக்கு வந்துபோன தேதிகள் பாஸ்போர்ட்டில் இருக்கும், எண்ணிப் பாருங்கள்.

இந்த வாரத்துக்குள் கான்ட்ராக்டை டவுன்லோடு செய்யுங்கள், ஸ்டேட்மென்ட் வாங்குங்கள், புகாரைப் பதியுங்கள். பி.ஆர்.ஓ. திரும்ப வந்தால் கோபப்படாமல் "பணம் கணக்கில் வந்ததும் கையெழுத்துப் போடுகிறேன்" என்று மட்டும் சொல்லி, அதையே வாட்ஸ்ஆப்பிலும் எழுதிவிடுங்கள். கான்ட்ராக்டில் பேசிக் 2,400 இல்லாமல் வேறு தொகை இருந்தாலோ, நோட்டீஸ் 30 நாளுக்கு மேல் இருந்தாலோ மேலே சொன்ன கணக்கு மாறும். அப்படி இருந்தால் புகார் பதிவதற்கு முன் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், திருத்திப் போட்டு அனுப்புகிறேன். அம்மா சீக்கிரம் குணமாகட்டும்.